'பென்ஷன்' என்றால் விடுதி, 'நென்கின்' என்றால் எந்த நென்கின்?

கேள்வி (சுருக்கம்): டோக்கியோவில் மென்பொருள் பொறியாளராக இருக்கும் 33 வயது வாசகர் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் கோவை. சென்னையில் 6 ஆண்டு 2 மாதம் வேலை பார்த்து, பி.எஃப். கட்டிவிட்டு ஜப்பான் வந்தவர். இங்கே இரண்டு நிறுவனங்களில் சேர்த்து இதுவரை 56 மாதம் சம்பளத்தில் பிடித்தம் ஆகியிருக்கிறது. இன்னும் இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு மனைவியோடு ஊர் திரும்பப் போகிறார். பிடித்த பணம் திரும்பக் கிடைக்குமா என்று அலுவலகத்தில் 'பென்ஷன்' என்ற சொல்லைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மனிதவளப் பிரிவில் இருந்த அம்மையார் எங்கே சுற்றுலா போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டாராம். அகராதியைப் பார்த்து 'தாய்ஷொகுகின்' என்று கேட்டபோது, 'நம் நிறுவனத்தில் அது கிடையாது' என்று பதில் வந்திருக்கிறது. கம்பெனி ஏமாற்றுகிறதோ என்று சந்தேகப்படுகிறார். இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட நண்பருக்கு இந்தப் பிடித்தமே இல்லையே, வெளிநாட்டவரான தனக்கு மட்டும் ஏன் என்றும் கேட்கிறார். நிறுவனம் மாறிய சமயத்தில் தனக்கும் மனைவிக்கும் தனித்தனியாக வந்த பணம் கட்டும் சீட்டை என்ன செய்வதென்றும் தெரியவில்லை என்கிறார்.

பதில்:

வணக்கம். உங்கள் கம்பெனி ஏமாற்றியதாக உங்கள் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. நீங்கள் கேட்ட இரண்டு சொற்களும் வேறு பொருளுக்கு உரியவை, அதனால் அந்தந்தக் கேள்விக்கு உரிய பதில்தான் வந்தது. ஜப்பானில் 'பென்ஷொன்' என்றால் மலைப் பகுதிகளிலும் பனிச்சறுக்கு ஊர்களிலும் குடும்பமாக நடத்தும், மேல்நாட்டு பாணிச் சிறு தங்கும் விடுதி. ஐரோப்பிய மொழிகளில் விடுதிக்கு வழங்கும் சொல் அப்படியே இங்கே வந்துவிட்டது. 'தாய்ஷொகுகின்' என்பது வேலையை விடும்போது நிறுவனம் தன் கையிலிருந்து தரும் மொத்தத் தொகை. நம் ஊர் கிராஜுவிட்டிக்குப் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் ஜப்பானில் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. நிறுவனத்தின் பணி விதிகளில் எழுதியிருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆக அந்த அம்மையார் சொன்னது உண்மையாகவே இருக்கலாம்.

உங்களுக்கு வேண்டிய சொல் 'நென்கின்'. இரண்டு எழுத்துகள். முதலாவது, தேதியில் ஆண்டுக்குப் பின்னால் நீங்கள் தினமும் பார்க்கும் எழுத்து. இரண்டாவது, நாள்காட்டியில் வெள்ளிக்கிழமைக்குப் போடும் எழுத்து, பொன் அல்லது பணம். ஓய்வூதியத் துறை தன் கடிதங்களில் பல இடங்களில் இதை எளிதாக, ஒலிக்கேற்ப எழுதும் ஹிராகனா எழுத்திலேயே அச்சிடுகிறது. பிறந்தநாள் மாதத்தில் உங்களுக்கு வரும் அட்டையில் 'நென்கின் தெய்கிபின்' என்று இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

உச்சரிப்பில் தமிழர்களுக்கு மட்டும் ஒரு வழுக்கல் உண்டு. மெல்லினத்துக்குப் பின் வரும் ககரத்தை நாம் 'தங்கம்', 'சங்கு' என்பதில் போல மெலிதாக்கிவிடுவோம். அந்தப் பழக்கத்தில் இச்சொல்லும் நம் வாயில் 'நெங்கின்' ஆகிவிடும். ஜப்பானியர் காதில் அது வேறு எழுத்து. 'பக்கம்' என்பதில் வரும் வல்லினக் ககரமாகவே சொல்லுங்கள். நெ, ன், கி, ன் என நான்குக்கும் சமமான நேரம் கொடுக்க வேண்டும். வரிக்குச் சொல்லும் 'ஸேய்கின்', ஆண்டு விடுப்புக்குச் சொல்லும் 'நென்க்யூ' இரண்டும் இதன் பக்கத்திலேயே ஒலிப்பதால், தொலைபேசியில் கேட்கும்போது நிதானமாகச் சொல்வது நல்லது.

தனியாக 'நென்கின்' என்று மட்டும் கேட்டால்

அரைப் பதில்தான் கிடைக்கும். முன்னால் வரும் சொல்தான் எந்தப் பணம் என்பதை முடிவு செய்கிறது. உங்கள் சம்பளச் சீட்டில் 'கோஜோ' என்ற பிடித்தப் பகுதியில், மருத்துவக் காப்பீட்டுக்கு அருகே 'கோசேய் நென்கின்' என்று ஒரு வரி இருக்கும். அது ஊழியர் ஓய்வூதியம். வேலையில் இல்லாதவர், சொந்தத் தொழில் செய்பவர், மாணவர் போன்றோர் 20 வயதிலிருந்து 59 முடியும்வரை தாங்களே கட்டுவது 'கொகுமின் நென்கின்', அதாவது தேசிய ஓய்வூதியம். இவை சேரும் திட்டத்தின் பெயர்கள். பெறும் பக்கத்தில் மூன்று பெயர்கள் உண்டு: முதுமைக்கு 'ரோரேய் நென்கின்', உடல் குறைபாட்டுக்கு 'ஷோகாய் நென்கின்', இறந்தவர் குடும்பத்துக்கு 'இஸோகு நென்கின்'. நம் ஊரில் பென்ஷன் என்றாலே ஓய்வு பெற்றவர் வாங்குவது. இங்கே 25 வயதில் விபத்தில் கால் போனவருக்கும் வருவது நென்கின்தான்.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். 'நென்கின் ஓ மொராவு' என்றால் ஓய்வூதியம் வாங்குவது. 'நென்கின் ஓ ஹராவு' என்றால் பேச்சு வழக்கில் சந்தா கட்டுவது. படிவங்களில் இதற்கு 'ஹொகென்ர்யோ' (காப்பீட்டுக் கட்டணம்) என்றும், கட்டுவதற்கு 'ஒஸாமெரு' என்றும் வரும். 'நென்கின் நி ஹைத்தெஇரு' என்றால் திட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். 'நென்கின் குராஷி' என்றால் ஓய்வூதியத்தில் காலம் தள்ளுவது. 33 வயதில் நீங்கள் போய் 'நென்கின் ஓ மொராய்தாய்' என்றால், ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்கிறீர்களா என்று எதிரே இருப்பவர் தயங்குவார்.

ஊர் திரும்பும் வெளிநாட்டவர் கேட்க வேண்டிய பணத்துக்குத் தனிப் பெயர் இருக்கிறது: 'தத்தாய் இச்சிஜிகின்'. விலகுவோருக்கான ஒருமுறைத் தொகை என்று பொருள். முதல் தகரத்தைத் 'தர்மம்' என்று சொல்லும்போது வரும் தகரம் போலச் சொல்லுங்கள். அலுவலகத்திலோ ஓய்வூதிய அலுவலகமான 'நென்கின் ஜிமுஷோ'விலோ சொல்ல வேண்டிய வாக்கியம்: "தத்தாய் இச்சிஜிகின் ஓ சேய்க்யூ ஷிதாயின் தெஸு கா." (கடைசிக் ககரத்தை மட்டும் 'தங்கம்' என்பதில் போல மெலிதாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கேள்வியாகிவிடும்.) இந்த ஒரு வரி போதும், யாரும் சுற்றுலா பற்றிக் கேட்க மாட்டார்கள்.

இது பி.எஃப். அல்ல

கடிதத்தில் 'என் பணம் வட்டியோடு எவ்வளவு சேர்ந்திருக்கும்' என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பெயரில் தனிக் கணக்கு எதுவும் இல்லை. கட்டிய மாதங்களும் சம்பள அளவும் பதிவாக நிற்கின்றன, வட்டி ஏறுவதில்லை. கோசேய் நென்கின் சந்தா 2017 செப்டம்பரிலிருந்து 18.3 சதவீதம். அதில் பாதி, 9.15 சதவீதம், உங்கள் சம்பளத்தில் பிடித்தது. மறு பாதி நிறுவனம் கட்டியது. திரும்பத் தரும் தொகை உங்கள் பாதியை அடிப்படையாகக் கொண்டது. நிறுவனத்தின் பங்கு உங்களுக்கு வராது. கம்பெனியும் எதையும் திருப்பித் தராது. விண்ணப்பிக்க வேண்டியது ஜப்பான் ஓய்வூதிய அமைப்பான 'நிப்பொன் நென்கின் கிகோ'விடம், அதுவும் நீங்களே.

வெளிநாட்டவருக்கு மட்டும் பிடிக்கிறார்கள் என்பதும் சரியல்ல. குடியுரிமை பாராமல் எல்லோருக்கும் பொது. தேசிய ஓய்வூதியத்தில் முன்பு இருந்த குடியுரிமை நிபந்தனையை 1982இல் எடுத்துவிட்டார்கள். உங்கள் நண்பரின் கதை வேறு. இந்தியாவும் ஜப்பானும் செய்துகொண்ட சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இந்திய நிறுவனம் 5 ஆண்டுக்குள் முடியும் பணிக்கு ஒருவரை அனுப்பினால், பி.எஃப். அமைப்பான இ.பி.எஃப்.ஓ. தரும் சான்றிதழைக் காட்டி இங்கே சந்தா கட்டாமல் இருக்கலாம். அவர் அங்கே பி.எஃப். கட்டிக்கொண்டிருப்பார். நீங்கள் ஜப்பானிய நிறுவனத்தில் நேரடியாகச் சேர்ந்தவர், அந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தாது.

எடுப்பதா, விட்டுவைப்பதா

இங்கேதான் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள். இந்தத் தொகையை வாங்கிய நாளோடு, அதுவரை நீங்கள் ஜப்பானில் கட்டிய காலம் முழுவதும் பதிவிலிருந்து அழிந்துவிடும். பிறகு நினைத்தாலும் மீட்க முடியாது.

ஜப்பானில் முதுமை ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டு சந்தாக் காலம் வேண்டும் (2017 ஆகஸ்டுக்கு முன் 25 ஆண்டு). உங்களுக்கு 5 ஆண்டுகூட இல்லை. ஆனால் ஒப்பந்தப்படி இந்தியக் காலத்தையும் கூட்டிக்கொள்ளலாம். சென்னையின் 6 ஆண்டு 2 மாதத்தோடு இங்குள்ள 4 ஆண்டு 10 மாதத்தைச் சேர்த்தால் 11 ஆண்டு. தகுதி வந்துவிடுகிறது. ஆக நீங்கள் எதுவும் எடுக்காமல் விட்டால், 65 வயதில் ஜப்பான் உங்களுக்கு ஓய்வூதியம் தர வேண்டும். இங்கே கட்டிய காலத்துக்கு உரிய அளவுதான் தருவார்கள், இந்தியக் காலத்துக்கு அல்ல. ஒரு நிபந்தனை: சென்னை வேலையை விட்டபோது இ.பி.எஸ். (பி.எஃப்.உடன் சேர்ந்த ஓய்வூதியத் திட்டம்) பணத்தை எடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. எடுத்திருந்தால் அந்தக் காலம் கூட்டலுக்கு நிற்குமா என்பதை இ.பி.எஃப்.ஓ.விடம் எழுத்தில் உறுதி செய்துகொண்டு முடிவெடுங்கள். இந்தக் கணக்கே அதன்மேல்தான் நிற்கிறது.

தொகையைப் பார்ப்போம். போனஸையும் சேர்த்து உங்கள் சராசரி மாத ஊதிய அளவு 4 லட்சம் யென் என்று வைத்துக்கொள்கிறேன். சம்பளச் சீட்டைப் பார்த்து நீங்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். 54 முதல் 59 மாதம் வரை கட்டியவருக்குச் சராசரி ஊதியத்தின் 4.9 மடங்கு கிடைக்கும், அதாவது 19.6 லட்சம் யென். விட்டுவைத்தால் 58 மாதத்துக்கு ஊழியர் ஓய்வூதியப் பங்கு ஆண்டுக்குச் சுமார் 1.27 லட்சம் யென். அதனோடு எல்லோருக்கும் பொதுவாக வரும் அடிப்படை ஓய்வூதியப் பங்கு, 2025 நிதியாண்டின் முழுத் தொகையான 8,31,700 யென்னை வைத்துப் பார்த்தால், சுமார் 1 லட்சம் யென். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2.28 லட்சம். 65இல் தொடங்கி எட்டரை ஆண்டுக்குச் சற்று மேல் வாங்கினால் இன்றைய 19.6 லட்சத்தைத் தொட்டுவிடும். அதற்குமேல் உயிரோடிருக்கும் ஒவ்வோர் ஆண்டும் லாபம். ஆனால் அதற்கு 32 ஆண்டு காத்திருக்க வேண்டும். யென்னின் மதிப்பு அப்போது என்னவாக இருக்கும் என்று இன்று யாரும் உறுதி தர முடியாது. இப்போதே கைக்கு வரும் பணத்தை நீங்கள் ஊரில் முதலீடு செய்தால் அதுவும் வளரும்.

என் எண்ணத்தைக் கேட்டால்: ஜப்பானுக்கு மீண்டும் வரும் திட்டம் உறுதியாக இல்லை, ஊரில் வீட்டுக் கடன் போன்ற சுமை இருக்கிறது என்றால் எடுத்துவிடுவது நியாயம். சில ஆண்டில் திரும்பி வந்து நிரந்தரக் குடியிருப்பு வாங்கும் யோசனை இருந்தால் தொடாதீர்கள். இங்கே இருந்தபோது ஏதாவது நீடித்த நோய்க்கு முதன்முதலாக மருத்துவரைப் பார்த்திருந்தால், ஷோகாய் நென்கினுக்குத் தகுதி உண்டா என்று முதலில் பாருங்கள். தொகையை வாங்கிய பிறகு அந்தக் கதவும் மூடிவிடும்.

இரண்டு மாதம் தள்ளிப் போனால்

எடுப்பது என்று முடிவானால், புறப்படும் தேதியை மறுபடி யோசியுங்கள். இப்போதைய திட்டப்படி 58 மாதம், 4.9 மடங்கு. 60 மாதம் ஆகிவிட்டால் 5.5 மடங்கு. உங்கள் உதாரணத்தில் 22 லட்சம் யென், 2.4 லட்சம் அதிகம். இடையில் ஏதும் இல்லை, 59 மாதம் 29 நாள் என்றாலும் 4.9தான். இப்போதைய உச்சவரம்பு 60 மாதம். 2025இல் நிறைவேறிய திருத்தத்தின்படி அதை 8 ஆண்டாக உயர்த்தப் போகிறார்கள். மறுநுழைவு அனுமதியோடு வெளியேறுவோருக்கு இத்தொகை தருவதில் கட்டுப்பாடும் அதே திருத்தத்தில் இருக்கிறது. விண்ணப்பிக்கும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி வேலை நாள் மாதத்தின் கடைசி நாளாக இருக்கட்டும். விலகிய மறுநாள்தான் உறுப்பினர் தகுதி போகும் நாள். அந்த நாள் விழும் மாதம் கணக்கில் வராது. மார்ச் 31 அன்று விலகினால் தகுதி ஏப்ரல் 1 அன்று போகும், மார்ச் கணக்கில் வரும். மார்ச் 30 அன்று விலகினால் 31ஆம் தேதியே போய்விடும், மார்ச் மாதம் இல்லை. ஒரு நாள் வித்தியாசத்தில் 60 மாதம் 59 ஆகிவிடும்.

உங்களுக்கு வந்த பணம் கட்டும் சீட்டும் இதனால் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். பழைய கம்பெனியை விட்டதற்கும் புதியதில் சேர்ந்ததற்கும் நடுவில் ஒரு மாதம் கோசேய் நென்கின் இல்லாமல் போயிருக்கிறது. அந்த மாதம் நீங்கள் கொகுமின் நென்கின் உறுப்பினர். உங்கள் மனைவி அதுவரை 'தாய் சன் கோ', அதாவது ஊழியரைச் சார்ந்த துணை என்ற வகையில் ஒன்றும் கட்டாமல் இருந்தார். நீங்கள் ஊழியராக இல்லாத மாதத்தில் அவருக்கும் அந்தச் சலுகை இல்லை. அதனால் ஆளுக்கொரு சீட்டு, 2025 நிதியாண்டு விகிதத்தில் ஆளுக்கு 17,510 யென். கட்ட வேண்டிய நாளிலிருந்து 2 ஆண்டு வரை கட்டலாம். கட்டிவிடுங்கள். பிற்காலத்தில் நிரந்தரக் குடியிருப்பு கேட்டால் நிலுவையில்லாத பதிவு உதவும், கூட்டல் கணக்கிலும் ஒரு மாதம் சேரும். மனைவிக்குத் தத்தாய் இச்சிஜிகின் கிடைக்குமா என்றால், கிடைக்காது. தானே சந்தா கட்டிய மாதம் குறைந்தது 6 இருக்க வேண்டும், சார்ந்திருந்த மாதங்கள் அதில் சேராது.

புறப்படும் முன், போன பின்

வரிசை முக்கியம். முதலில் 'கிசோ நென்கின் பாங்கோ' என்ற பத்து இலக்க ஓய்வூதிய எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவர்களுக்கு ஓய்வூதியக் கையேட்டில் இருக்கும், பின்னால் சேர்ந்தவர்களுக்கு அறிவிப்புத் தாளில். கையேட்டைச் சில நிறுவனங்கள் தங்களிடமே வைத்துக்கொள்வதுண்டு, கேட்டு வாங்குங்கள். இரண்டாவது நிறுவனம் உங்கள் பெயரைக் கதகானாவில் (வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் எழுத்து) வேறு மாதிரி எழுதியிருந்தால் இரண்டு எண்கள் உருவாகியிருக்கும், மாதங்களும் பிரிந்து கிடக்கும். நென்கின் ஜிமுஷோவில் பாஸ்போர்ட்டைக் காட்டி ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து வரி. கோசேய் நென்கினிலிருந்து வரும் இத்தொகையில் 20.42 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். 19.6 லட்சத்தில் சுமார் 4 லட்சம் யென். 'அது போனது போனதுதான்' என்று எழுதியிருக்கிறீர்கள். போகவில்லை. ஓய்வுக்கால வருமானமாகக் கணக்கிடும்படி கேட்டால் ஆண்டுக்கு 4 லட்சம் யென் கழிவு உண்டு. 58 மாதம் 5 ஆண்டாக எடுத்துக்கொள்ளப்பட்டு 20 லட்சம் கழியும், ஆகவே பெரும்பாலும் முழு வரியும் திரும்பும். 60 மாதத்து 22 லட்சம் என்றால் 20 லட்சத்துக்கு மேற்பட்டதற்கு மட்டும் சிறிது வரி. ஆனால் நீங்கள் வெளிநாட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்க முடியாது. ஜப்பானில் வசிக்கும் ஒருவரை 'நோஸேய் கன்ரினின்' என்று வரிப் பிரதிநிதியாகப் புறப்படும் முன்பே உங்கள் பகுதி வரி அலுவலகமான 'ஸேய்முஷோ'வில் பதிவு செய்யுங்கள். நம்பகமான நண்பர் போதும். 5 ஆண்டுக்குள் அவர் வரியைத் திரும்பக் கேட்க வேண்டும்.

பிறகு வார்டு அலுவலகத்தில் 'தென்ஷுத்ஸு தொதொகே' என்ற இடம்பெயர்வு அறிவிப்பு. இதைக் கொடுக்காமல் விமானம் ஏறினால், பதிவில் நீங்கள் இன்னும் ஜப்பானில் வசிப்பவர், விண்ணப்பம் நின்றுவிடும். முகவரி நீங்கிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். படிவத்தின் பெயர் 'தத்தாய் இச்சிஜிகின் சேய்க்யூஷோ'. கூடவே பாஸ்போர்ட் நகல், ஓய்வூதிய எண், வங்கி விவரச் சான்று.

நம்மவர் விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்ளும் இடம் வங்கிச் சான்றுதான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், ஊர் வங்கிக் கணக்கில் முதலெழுத்து மட்டும் இருக்கும். ஜப்பான் பதிவில் இரண்டும் இடம் மாறியிருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கணக்கின் பெயரைத் திருத்தி, கிளையின் முகவரி, கணக்கு எண், வங்கி முத்திரை உள்ள கடிதத்தை இணையுங்கள்.

சில மாதங்களில் பணமும், கூடவே 'ஷிக்யூ கெத்தெய் த்ஸூசிஷோ' என்ற முடிவு அறிவிப்பும் வரும். அந்தத் தாளின் மூலப் பிரதியை உங்கள் வரிப் பிரதிநிதிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். வரிப் பணத்தைக் கேட்க அவருக்கு அந்த மூலம் வேண்டும்.